மிகியோன் தூக்கிய கை

எனக்கு இரண்டு கை உண்டு. ஊர்ச் சபையில் வாக்குக்குத் தூக்கும் உரிமை இரண்டுக்கும் கிடையாது. மிலேட்டஸிலிருந்து பிழைக்க வந்தவன் நான். பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் பாய் தைத்தே தலை நரைத்துவிட்டது. இந்த ஊர் என்னிடம் வரி வாங்கும், போர் வந்தால் துடுப்பும் போடச் சொல்லும். ஆனால் யாருடைய கட்டளைக்கு நான் துடுப்புப் போட வேண்டும் என்று மட்டும் என்னைக் கேட்காது. அதை என் பக்கத்து வீட்டு மிகியோன் மாதிரிக் குடிமக்களிடம்தான் கேட்கும். கேட்டுக் கேட்டே அவனை என்ன பாடு படுத்தியது என்பதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவன் நான்.

மிகியோன் தோல் தைப்பவன். போர்க்கப்பலின் கீழ்த்தட்டில் துடுப்பு வெளியே போகிற துளை வழியாகக் கடல்நீர் உள்ளே வராமல் ஒரு தோலுறை மாட்டுவார்கள். அதுதான் அவன் தொழில். ஒரு தையல் போட்டால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். தொழிலில் மட்டும் இல்லை, பிறவியே அப்படி. மரநாய் குறுக்கே ஓடினால் பாதையில் மூன்று கல்லை எறிந்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பான். யாராவது அவனைப் புகழ்ந்துவிட்டால் கண் பட்டுவிடும் என்று தன் அங்கியின் மார்புக்குள் துப்பிக்கொள்வான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நானே அவனை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன்.

மூத்த மகன் போன பிறகு அந்தக் கேலியை நிறுத்திவிட்டேன். அந்தப் பையன் போனது ஒரு வீரத் தளபதியின் கப்பலில். ஊரே 'சிங்கம்' என்று கொண்டாடிய ஆள். சிங்கம் எதிரிக் கப்பல்களின் நடுவே நேராகப் பாய்ந்தது. சிங்கத்துக்குப் பெரிய எழுத்தில் நினைவுக்கல் வெட்டினார்கள், கூடப் போனவர்களுக்குச் சின்ன எழுத்தில். மிகியோனுக்கும் அவன் பெண்டாட்டி நிகாரெட்டாவுக்கும் மிஞ்சியது இளையவன் தேரோன் ஒருவன்தான்.

இந்த ஊர் வழக்கத்தைப் பற்றி என் வயிற்றெரிச்சலையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். ரொட்டி எடை சரிபார்ப்பவனையும் சிறைக் காவலனையும் குலுக்கல் போட்டு எடுப்பார்கள். யார் வந்தாலும் குடி முழுகிவிடாது என்ற தைரியம். தளபதிகள் பத்துப் பேரை மட்டும் ஆண்டுதோறும் குன்றின்மேல் கூடி, கை தூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். சரி, எதைப் பார்த்துக் கை தூக்குகிறார்கள்? குன்றின்மேல் கடல் உண்டா, கப்பல் உண்டா? பேச்சைக் கேட்டுத்தான் தூக்குகிறார்கள். நன்றாகப் பேசுகிறவன் கையில் நாற்பது கப்பல். அதோடு விட்டார்களா? போனவன் கடலில் இருக்கும்போதே மாதாமாதம் கூடி, 'நம் தளபதிகள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா?' என்று ஒரு கேள்வி. இல்லை என்று கைகள் கூடிவிட்டால் அன்றோடு பதவி போயிற்று. ஊருக்கு வந்து நீதிமன்றத்தில் கைகட்டி நிற்க வேண்டும். இந்த ஊர்த் தளபதிகள் எதிரிக்குப் பயப்படுவதைவிட இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்.

அந்த ஆண்டுத் தேர்தலுக்கு முன்னால் மிகியோன் என் கடைக்கு வந்தான்.

"அண்ணே, இந்தத் தடவ அரேசியாஸுக்குத்தான் கை."

"யாரு, அந்த வயித்துவலிக்காரரா? மேடையில ஏறி மூணு தடவ செருமிட்டு, 'யோசிக்கணும்'னு சொல்லிட்டு இறங்குவாரே, அவரா?"

"அவருதான். எனக்குப் பயப்படுற தளபதி வேணும் அண்ணே."

"உன் ஜாதி ஆளாப் பாத்துப் புடிச்சிட்டே."

"சிரிக்காதீங்க. பயப்படுறவன்தான் திரும்பிப் பாப்பான். எத்தன பேரு வந்தோம், எத்தன பேரு இருக்கோம்னு எண்ணிப் பாப்பான். சிங்கம் எண்ணுமா?"

வீட்டை விட்டு வெளியே வரவே யோசிக்கிறவன், அந்த வாரம் தோல் தைப்பவர்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினான். தோல் பதனிடுகிற பிர்ரியாஸ், வாய் நீளமான ஆள், "மிகியோனே கதவத் தட்டுறான்னா ஏதோ விஷயம் இருக்குடா" என்றான். தெருவே அரேசியாஸுக்குக் கை தூக்கியது. அவர் தளபதியானார். வடகடலில் வரி கட்ட மறுத்த அந்தீரா தீவை முற்றுகையிட நாற்பது கப்பலோடு போனார். தலைமைக் கப்பலின் கீழ்த்தட்டில், அப்பன் தைத்த உறையின் பக்கத்தில், தேரோன் உட்கார்ந்து போனான். கப்பல் போகும்போது மிகியோன் முகத்தில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. அவன் முகத்தில் அதை நான் அதிகம் பார்த்ததில்லை.

கோடை முழுக்கத் தீவு விழவில்லை. அரேசியாஸ் மதிலில் ஏறவில்லை. துறைமுக வாயை அடைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். இங்கே ஒவ்வொரு மாதமும் அந்தக் கேள்வி வரும். மிகியோன் விடியும் முன்பே குன்றுக்குப் போய், கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்வான். நடுவில் உட்கார்ந்தால் நசுங்கிவிடுவோம் என்று அவனுக்குப் பயம். எல்லைக் கயிற்றுக்கு வெளியே என்னைப் போன்ற ஓட்டில்லாத ஜனங்கள் நின்று வேடிக்கை பார்ப்போம். இடம் தூய்மையாகட்டும் என்று பன்றிக்குட்டியை அறுத்து இரத்தத்தைச் சுற்றிலும் தெளித்த பிறகு, கட்டியக்காரன் கேள்வியைக் கேட்பான். அரேசியாஸ் சரியாகத்தான் செய்கிறார் என்று மிகியோனின் கை முதலில் எழும். பின்னால் தோல் தெருவின் கைகள் எழும்.

அப்போதுதான் பிலாக்ரஸ் வந்தார். விளக்குக் கடை வைத்துப் பணக்காரரான குடும்பம். நல்ல உயரம், மணி மாதிரிக் குரல். சபை மேடையில் ஏறினால் இறங்க மனம் வராத ஆள். "நம்ம தளபதி அந்தீராவுல திராட்சை நட்டிருக்காராம். அறுவடை முடிஞ்சதும் வருவாராம்" என்பார். குன்றே சிரிக்கும். மிகியோன் மட்டும் சிரிக்கமாட்டான்.

அவன் உறுதியை உடைத்தது அந்தப் பேச்சு இல்லை. தானியக் கப்பலில் வந்த ஒருவன் துறைமுகத்தில் சும்மா சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தை. வடக்கே முற்றுகை முகாம்களில் காய்ச்சலாம், ஆட்கள் படுத்த படுக்கையாம். எந்த முகாம் என்று கேட்டால் அவனுக்குத் தெரியவில்லை. நிகாரெட்டா அன்றிலிருந்து பானையை அடுப்பில் வைப்பாள், இறக்க மறந்துவிடுவாள்.

"உங்க பயந்த தளபதி என் புள்ளய உக்கார வச்சே கொல்லப்போறாரு" என்று சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்குக் கேட்கும். "சண்டையில செத்தா பேராவது மிஞ்சும். காய்ச்சல்ல செத்தா என்னய்யா மிஞ்சும்?"

"வாய மூடு. அப்படிச் சொல்லாத" என்று மிகியோன் துப்புகிற சத்தமும் கேட்கும்.

அந்தச் சமயம் பார்த்து பிலாக்ரஸ் தோல் தெருவுக்கே வந்துவிட்டார். பெரிய மனிதர், மிகியோனின் முக்காலியில் உட்கார்ந்து, அவன் கொடுத்த தண்ணீர் கலந்த திராட்சை ரசத்தையும் குடித்தார். நானும் அங்கே இருந்தேன்.

"மிகியோன், உனக்கும் எனக்கும் பகை ஒண்ணும் இல்லப்பா. உன் பையன் அங்க இருக்கான். குளிர் வந்தா கடல் மூடிடும். அப்புறம் வசந்தம் வரைக்கும் அவன் அந்தச் சேத்துலதான் கிடக்கணும். அரேசியாஸ எறக்கிட்டா முற்றுகை முடிஞ்சிது, புள்ளைங்க வீட்டுக்கு வந்துரும். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அப்ப கப்பலெல்லாம் திரும்பி வந்துருமாங்க?"

"வராம? தலைவன் இல்லாம அங்க நின்னு என்ன செய்யும்?"

அவர் போன பிறகு நான் சொன்னேன்: "மிகியோன், இவரு பேச்ச நம்பாத. இவருக்கு அந்த நாற்காலிமேல கண்ணு."

"எனக்குப் புள்ளமேல கண்ணு அண்ணே" என்றான்.

அடுத்த கூட்டத்தில் கட்டியக்காரன் கேள்வியைக் கேட்டான். சரியாகச் செய்கிறார் என்பவர்கள் கை தூக்கச் சொன்னான். தோல் தெரு மிகியோனைத் திரும்பிப் பார்த்தது. அவன் இரண்டு கையையும் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கை கூட எழவில்லை அந்தப் பக்கம். பிறகு, இல்லை என்பவர்கள் என்றான். மிகியோனின் வலது கை மெதுவாக, யாரோ மணிக்கட்டைப் பிடித்துத் தூக்குவது போல எழுந்தது. பிர்ரியாஸ் வாயைப் பிளந்து பார்த்துவிட்டுத் தானும் தூக்கினான். தெருவே தூக்கியது. கண்ணால் பார்த்து எண்ணுகிறவர்களுக்கே சந்தேகம் வந்து இன்னொரு முறை தூக்கச் சொன்னார்கள். இரண்டாவது முறை சந்தேகமே இல்லை. அரேசியாஸ் தளபதி இல்லை.

அடுத்த நொடியே யாரோ கத்தினான்: "அப்ப யாரு போறது?"

"பிலாக்ரஸ்! வாய் கிழியப் பேசுனாருல்ல, போகட்டும்!"

பாதிப் பேர் கேலிக்குக் கத்தினார்கள், மீதிப் பேர் நிஜமாகவே கத்தினார்கள். எதுவாயிருந்தாலும் கை கைதான். பிலாக்ரஸ் ஒரு பேச்சுக்குக் கூட மறுக்கவில்லை. மேடையில் நின்றபடியே, "தீவைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறேன்" என்றார். மிகியோன் என்னைத் தேடித் திரும்பினான். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

"வீட்டுக்கு வந்துரும்னாரே அண்ணே?"

நான் என்ன சொல்ல? ஒரு தளபதியைச் சும்மா இருந்ததற்காக இறக்கிவிட்டு, அந்த இடத்துக்குப் போகிறவர் சும்மா திரும்ப முடியுமா? திரும்பினால் இதே குன்று, இதே கேள்வி. அவர் முட்டியே ஆக வேண்டும். பேசும்போது பிலாக்ரஸ் பொய்தான் சொன்னாரோ, அல்லது பதவி வந்த பிறகு பொய்யாகிவிட்டதோ, எனக்குத் தெரியாது. மிகியோனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

செய்தி போய், அரேசியாஸ் தன் தலைமைக் கப்பலிலேயே திரும்பி வந்தார். அதே கப்பல்தான் மறுநாள் பிலாக்ரஸை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அப்படித்தான் தேரோன் ஒரே ஒரு மாலைப் பொழுதுக்கு வீட்டுக்கு வந்தான். கறுத்து, தோள் அகன்று, வாய் நிறையச் சிரிப்போடு வந்தான். நிகாரெட்டா வாற்கோதுமை அடையும் பருப்புக் கஞ்சியும் உப்பு மீனும் வைத்தாள். என்னையும் கூப்பிட்டார்கள்.

"காய்ச்சல் எப்படிடா இருக்கு?" என்று மிகியோன் முதலில் அதைத்தான் கேட்டான்.

"எங்க முகாமுலயா? அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. கிழவரு அரேசியாஸ் முகாம மேட்டுல போட்டாரு, தண்ணியக் கொதிக்க வைக்கச் சொன்னாரு. நாங்க கிண்டல்தான் பண்ணுவோம், ஆனா ஒருத்தனும் சாகல." அடையைப் பிய்த்து வாயில் போட்டான். "பெரியப்பா, இந்த ஊருக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா? உள்ள சாப்பாடு தீந்துபோச்சு. கதவத் தொறக்குறதப் பத்திப் பேச அவங்களே ஆள் அனுப்பிட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஒரு அம்பு கூட விடாம வேல முடிஞ்சிருக்கும். எந்த மடையன் கை தூக்குனான்?"

நிகாரெட்டா மீனில் முள் எடுத்துக்கொண்டே இருந்தாள், முள் தீர்ந்த பிறகும்.

"இப்ப என்னடா ஆகும்?" என்றான் மிகியோன்.

"புது ஆளு, துறைமுக வாயில அவங்க குறுக்கக் கட்டியிருக்குற சங்கிலிய மோதி உள்ள போகணும்கிறாராம். மதில் ரெண்டு பக்கமும் கல்லு வச்சிக்கிட்டு நிக்கிறான் அந்தீராக்காரன். மொத மோதுற கப்பல் செத்துச்சு." சொல்லிவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "நாங்க மொதல்ல போகமாட்டோம்மா. தளபதி இருக்குற கப்பல எவனாவது மொதல்ல அனுப்புவானா?"

"உடம்பு சரியில்லன்னு சொல்லிடுடா. நான் வேணா கப்பல் தலைவன்கிட்டப் பேசுறேன்."

"போங்கப்பா. என் பக்கத்துப் பலகையில இருக்குறவன் எனக்காக ரெண்டு துடுப்பா போடுவான்?" பிறகு அப்பனின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒரு உதவி பண்ணுங்க. கிழவரு வழக்கு வரும்போது நாங்க யாரும் இங்க இருக்கமாட்டோம். அவருக்காகப் பேச ஆள் இல்ல. நீங்கதானே அவருக்காக வீடு வீடாப் போனீங்க. நீங்க போய்ப் பேசுங்க. என் வாயா இருந்து பேசுங்க."

"சரிடா" என்றான் மிகியோன். தான் கை தூக்கியதை மட்டும் அவன் சொல்லவில்லை.

கப்பல் போன மறுநாளே மிகியோன் என்னை இழுத்துக்கொண்டு அரேசியாஸ் வீட்டுக்குப் போனான். அவர் முற்றத்தில் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, அந்தச் சங்கிலிய மோத வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லி அனுப்பக்கூடாதா?"

"நான் யாரப்பா சொல்றதுக்கு? போன மாசம் நான் சொன்னா நாற்பது கப்பல் திரும்பும். இப்ப நான் சொன்னா இந்த வீட்டு நாய் கூடத் திரும்பாது." செருமினார். "ஒரு வழி இருக்கு. வழக்குல நான் தப்பிச்சா, அடுத்த சபையில என்னைத் திரும்ப அனுப்பச் சொல்லி எங்க மச்சான் கேப்பாரு. அதுக்குள்ள அவரு மோதாம இருக்கணும். அவ்வளவுதான்."

ஆக, மகனின் உயிர் இந்த வயிற்றுவலிக்காரரின் வழக்கில் தொங்கியது. அதன் பிறகு மிகியோன் தூங்கியதாகத் தெரியவில்லை. காற்று வடக்கே திரும்பினால் வெளியே வந்து பார்ப்பான். காற்று நின்றாலும் வந்து பார்ப்பான். "மோதியிருப்பாரோ? இன்னும் மோதியிருக்கமாட்டாரு, இல்லையா அண்ணே?" என்று ஒரே கேள்வி. "இருக்காதுடா" என்று நானும் ஒரே பதில். தைத்துக்கொண்டிருந்த தோலில் ஊசியை விட்டுக் கையில் குத்திக்கொள்வான். எனக்கும் பாய்த் தையல் ஓடவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. தேரோன்தான் என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறவன்.

வழக்கு நாள் வந்தது. நூற்றுக்கணக்கில் நடுவர்கள், எல்லாரும் குலுக்கலில் வந்த நம் ஊர் ஜனங்கள்தான். கொல்லன், மீன்காரன், முதல் பெஞ்சில் தோல் பதனிடும் பிர்ரியாஸ். தடுப்புக்கு வெளியே நான். குற்றம் சாட்டியவர்கள், பேச்சு நேரத்தை அளக்கிற தண்ணீர்க் கடிகாரம் தீரும் வரை முழங்கினார்கள். இலஞ்சம் வாங்கினார், எதிரியோடு பேசினார், கோழை. பிறகு அரேசியாஸ் செருமி, செருமி, பாதிப் பேருக்குக் கேட்காத குரலில் ஏதோ சொன்னார். தனக்காகப் பேச மிகியோனைக் கூப்பிட்டார்.

மிகியோன் வாழ்நாளில் மேடை ஏறியதில்லை. ஏறும்போது படியில் தடுக்கியது. "நான் மிகியோன். தோல் தைக்கிறவன்" என்றான். அதோடு நின்றுவிட்டான்.

பெஞ்சிலிருந்து பிர்ரியாஸ் கத்தினான்: "டேய் மிகியோன்! இந்த ஆள எறக்குனதே நீதானேடா! உன்னப் பாத்துத்தானே நான் கை தூக்குனேன்!"

நீதிமன்றமே சிரித்தது. சிலர் 'இறங்கு, இறங்கு' என்று பெஞ்சைத் தட்டினார்கள். இறங்கிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் இறங்கவில்லை.

"ஆமா, தூக்குனேன்" என்றான். "இவரு தப்பு பண்ணாருன்னா தூக்குனேன்? எனக்கு என்ன தெரியும் அந்தீராவப் பத்தி? நான் அந்தத் தீவப் பாத்ததே இல்ல. என் புள்ளைக்குக் காய்ச்சல்னு எவனோ சொன்னான், பயந்து தூக்குனேன். பிர்ரியாஸ், நீ எதுக்குத் தூக்குன? நான் தூக்குனேன்னு தூக்குன. உனக்குப் பின்னாடி இருக்குறவன் நீ தூக்குனேன்னு தூக்குனான். எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா ஒரு தோல்காரன் பயம்தான் நின்னுது, வேற ஒண்ணும் இல்ல. அங்க ஒருத்தன் கூடச் சாகாமப் பாத்துக்கிட்டாரு இவரு. என் மவன் சொன்னான். இப்ப அவன வேற ஒருத்தர் கூட்டிட்டுப் போயிருக்காரு. இவர விட்டுடுங்கய்யா. விட்டுட்டுத் திருப்பி அனுப்புங்க. நேரமில்ல."

சட்டம் எதுவும் பேசவில்லை, சாட்சி எதுவும் காட்டவில்லை. 'நேரமில்ல, நேரமில்ல' என்று இரண்டு மூன்று முறை சொல்லிவிட்டு, அழுதபடியே இறங்கினான். யாரும் சிரிக்கவில்லை. வாக்குகளை எண்ணினார்கள். கொஞ்ச வித்தியாசம்தான். அரேசியாஸ் விடுதலை. தடுப்பைத் தாண்டி வந்த மிகியோனைக் கட்டிப் பிடித்தேன். பயந்தாங்கொள்ளி என்று இனி எவனாவது சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது.

சபை கூடச் சில நாளே இருந்தது. மிகியோன் தெருத் தெருவாக மறுபடி ஏறி இறங்கினான். இந்த முறை கதவைத் தட்டத் தயங்கவில்லை. எல்லோரும் சரி என்றார்கள். ஊர் மனசு திரும்பியிருந்தது. அரேசியாஸ் மூட்டை கட்டிவிட்டார், வேகமாகப் போகிற ஒரு கப்பலையும் பார்த்து வைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். நிகாரெட்டா அன்றைக்குப் பானையைச் சரியான நேரத்தில் இறக்கினாள்.

கூட்டம் கூடியது. பன்றிக்குட்டியின் இரத்தம் தெளித்தாயிற்று, வேண்டுதல் முடிந்தது. அரேசியாஸின் மைத்துனர் எழுந்து அங்கியைச் சரிசெய்தபோது, கீழே சந்தைப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் சண்டை என்று நினைத்தேன். சத்தம் மேலே ஏறி வந்தது. தலையில் தழை சுற்றிய ஒரு மாலுமி, மூச்சிரைக்க ஓடி வந்து மேடையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தீரா விழுந்துருச்சு! பிலாக்ரஸ் ஜெயிச்சிட்டாரு!"

குன்று குதித்தது. தொப்பிகள் பறந்தன. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அரேசியாஸின் மைத்துனர் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டார். மிகியோன் மட்டும் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, நசுங்குவதைப் பற்றி நினைவே இல்லாமல், மேடைக்குப் போனான். மாலுமியின் தோளைப் பிடித்துக் கேட்டான். அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. திரும்பி ஓரத்துக்கு வந்தவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"தலைமைக் கப்பல்தான் மொதல்ல மோதுச்சாம் அண்ணே. அதுதான் கனமான கப்பலாம். தளபதி முந்தின நாளே வேற கப்பலுக்கு மாறிட்டாராம்."

"கப்பல்ல இருந்தவங்க?"

"முழுகிருச்சாம். நீந்தி வந்தவங்க கொஞ்சப் பேரு இருக்காங்களாம். யாரு யாருன்னு அவனுக்குத் தெரியல."

அதற்குள் மேடையில் ஒருவர் பிலாக்ரஸுக்குப் பொன்முடி சூட்ட வேண்டும், பதவியும் நீடிக்க வேண்டும் என்று முன்மொழிந்துவிட்டார். கட்டியக்காரன் கேட்டான். கையெல்லாம் காடு மாதிரி எழுந்தது. தோல் தெரு மட்டும் எழவில்லை. அவர்கள் மிகியோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிர்ரியாஸ் தன் கையை மடியில் அழுத்திப் பிடித்திருந்தான்.

மிகியோன் கையைத் தூக்கினான். நேராக, எண்ணுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்படி தூக்கினான். இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டான். பின்னால் தெருவும் தூக்கியது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கயிற்றைத் தாண்டிப் போய் அவனை அறைந்திருப்பேன். தாண்டினால் பிடித்துக் கட்டிவிடுவார்கள்.

"என்னடா பண்ற? அந்தாளுக்கா? அந்தாளுக்கா தூக்குற?"

அவன் கையை இறக்காமலே சொன்னான்: "நீந்தி வந்திருந்தா, புள்ள இன்னும் அவரு கையிலதானே இருக்கான் அண்ணே."

தேரோன் நீந்தி வரவில்லை. வசந்தத்தில் இறந்தவர்களின் எலும்புகளைக் குலம் குலமாகப் பெட்டியில் வைத்து ஊர்வலம் கொண்டுபோனார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு இந்த ஊரில் ஒரு வெற்றுப் பாடையைத் தூக்கிப் போவார்கள். மிகியோனும் நிகாரெட்டாவும் அதன் பின்னால் நடந்தார்கள். பொன்முடியோடு பிலாக்ரஸ் முன்னால் நடந்தார்.